பலகைக்குள் இருந்து வந்தது குளவியின் பெரியம்மா

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். புறக்கோட்டைப் பக்கம் கொள்கலன் சாமான் இறக்கிய பலட் பலகைகளை மலிவாக வாங்கி, புத்தகம் அடுக்க ஒரு றாக்கை செய்திருக்கிறார்கள். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில் ஜன்னல் கண்ணாடியில் ஒரு பூச்சி. கருநீல உடம்பு, செம்பழுப்புக் கால், வாலில் கறுப்பு ஊசி, அரை விரல் நீளம். றாக்கையின் கீழ்த்தட்டில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அம்மா "குளவி" என்று செருப்பால் அடித்துவிட்டா. றாக்கை செய்த பாஸ் வந்து பார்த்துவிட்டு, "உளு பிடித்துவிட்டது, இனி கதவு நிலை எல்லாம் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உயர்தரம் படிக்கிற தங்கச்சியோ, "இது டைனோசருக்கும் முந்தியது, குளவி, தேனீ, எறும்பு எல்லாவற்றுக்கும் இதுதான் தாய்" என்கிறாள். மூன்று பேரில் யார் சொல்வது சரி என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, மூன்று பேருமே கொஞ்சம் சரி, கொஞ்சம் பிழை. ஆனால் தங்கச்சி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் பதில் நீளும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செருப்படி பட்டும் அடையாளம் போகவில்லை. முதலில் இடுப்பைப் பாருங்கள். குளவி என்றால் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் நூல் கட்டினதுபோல ஒடுங்கியிருக்கும். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. தலையில் இருந்து வால் வரைக்கும் ஒரே உருளை, சுருட்டுப்போல. அடுத்தது வயிற்றின் கடைசியில் ஈட்டி முனைபோல ஒரு சிறு கொம்பு. அது ஊசி இல்லை. ஊசி அதற்குக் கீழே, உறைக்குள் இருக்கிறது. அந்தக் கொம்பை வைத்துத்தான் ஆங்கிலத்தில் கொம்புவால் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் சைரிசிடே. உங்கள் வீட்டுக்கு வந்தது அதில் சைரெக்ஸ் சாதியைச் சேர்ந்த ஒரு பெண்.

இவை 'ரம்ப ஈ' என்று எழுதப்படும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. ஈயோடு இவற்றுக்கு ஓர் உறவும் கிடையாது. குளவி, தேனீ, எறும்பு மூன்றும் அடங்கிய ஹைமனொப்டெரா என்ற வரிசையில், இடுப்பு ஒடுங்காத பழைய ஆட்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் இந்தப் பெயர். பெண் பூச்சி ரம்பம்போன்ற கருவியால் இலையையோ தண்டையோ கீறி முட்டை வைப்பதால் வந்தது. எங்கள் ஊர்த் தச்சர்கள் ரம்பத்தை 'வாள்' என்பார்கள். அப்படிப் பார்த்தால் 'வாள் ஈ' என்றே சொல்லியிருக்கலாம். உலகத்தில் பெயரிடப்பட்ட ரம்ப ஈக்கள் 8,000க்கு மேல். பெரும்பாலானவை மயிர்க்கொட்டி மாதிரிப் புழுவாக இருந்து இலை தின்பவை. இந்தியாவில் கடுகுப் பயிரை அரிக்கிற கறுப்புப் புழு அந்த வகை. மரத்துக்குள் போனவை அதில் ஒரு சிறு பகுதி மட்டும். கொம்புவால் குடும்பத்தில் இன்று உள்ளவை ஏறத்தாழ 120 இனங்கள்தான்.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். இது கொட்டாது. கொட்டுவதற்கான கொடுக்கு இதற்கு இல்லை. அந்த ஊசி முட்டையிடும் கருவி. அது தேடுவது மரத்தை, மனிதத் தோலை அல்ல. கையில் பிடித்தால் துடிக்கும், சிறகடிக்கும், அவ்வளவுதான். வளர்ந்த பூச்சி சாப்பிடுவதுகூட இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு சில நாட்கள், மிஞ்சிப்போனால் சில வாரங்கள் வாழ்ந்து, முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும்.

ஆனாலும் அம்மா பயந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த ஊசியும் குளவியின் கொடுக்கும் ஒரே உறுப்பு. முட்டையிடும் ஊசியில் இருந்துதான் கொடுக்கு வந்தது. அதை விளங்கிக்கொள்ள ஊசி வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் பாஸுக்கு வாசித்துக் காட்டினால் அவரும் ரசிப்பார்.

தலைமயிரைவிடச் சில மடங்கே தடித்த ஒரு கம்பியைப் பச்சை மரத்துக்குள் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்க வேண்டும் என்று வையுங்கள். மேலே இருந்து அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். சுழற்றித் துளைக்கலாம் என்றால் பூச்சியின் உடம்பில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. கொம்புவால் அழுத்துவதும் இல்லை, சுழற்றுவதும் இல்லை. அதன் ஊசி மூன்று துண்டுகளால் ஆனது: மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழ்த் துண்டுகள் மேல் துண்டில் தவாளிப்பும் நாக்குமாகப் பொருந்தி, கழன்றுவிடாமல் முன்னும் பின்னும் வழுக்கும். பலகைகளை ஒன்றோடொன்று கோர்க்கத் தச்சர் போடுகிற அதே பொருத்து. கீழ்த் துண்டு இரண்டிலும் பின்நோக்கிய பற்கள் உண்டு. ஒன்று தன் பல்லால் மரத்தைப் பற்றிப் பின்னுக்கு இழுத்து நிற்கும்போது, அந்தப் பிடிமானத்தில் மற்றது முன்னே நகரும். பிறகு அது பற்றும், இது நகரும். தென்னையில் ஏறுகிறவர் கையும் காலும் மாற்றி மாற்றிப் பிடித்து ஏறுவதுபோல, ஊசி தன்னையே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. மேலே இருந்து அழுத்தம் தேவையே இல்லை.

1995 இல் வின்சென்ற், கிங் என்ற இருவர் இதை அளந்து எழுதினார்கள். அதற்குப் பிறகு பொறியியலாளர்களுக்கு இதில் ஆசை வந்துவிட்டது. ஈர்ப்பு குறைந்த கிரகத்தில் துளைபோடும் கருவி அழுத்தினால், துளை இறங்காது, கருவிதான் மேலே எழும். அங்கே இந்த முறை பொருந்தும் என்று மாதிரிகள் செய்தார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் மூளைக்குள் வளைந்து செல்லும் சத்திரசிகிச்சை ஊசி ஒன்றையும் இதைப் பார்த்து வடிவமைத்திருக்கிறார்கள். செருப்படி வாங்கிய பூச்சிக்கு இப்படியும் ஒரு மரியாதை.

இனி தங்கச்சியின் பேச்சு. இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

'கொட்டக் கொட்டக் குளவி' என்று நம் ஆட்கள் சொல்வது தெரியும்தானே. குளவி ஒரு புழுவைப் பிடித்துவந்து மண்கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டி அதையும் குளவியாக்கிவிடுகிறது என்பது பழைய நம்பிக்கை. பாடம் புகட்டுவதற்கு உதாரணமாக இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் கூட்டுக்குள் நடப்பது கொலை. கொட்டுப்பட்ட புழு அசையாமல் கிடக்க, குளவியின் குஞ்சு அதைத் தின்று வளர்கிறது. வெளியே வருவது வேறொருத்தியின் பிள்ளை. ஆனால் கோடிக்கணக்கான வருடக் கணக்கில் பார்த்தால் அந்தப் பழமொழி ஏறக்குறைய உண்மை. இலை தின்கிற ஒரு புழுவின் பரம்பரைதான் மெல்ல மெல்லக் குளவியானது. நடுவில் அது ஒரு நீண்ட காலம் தங்கியிருந்த வீடு, மரம்.

முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2017 இல் 173 பூச்சி இனங்களின் 3,000க்கு மேற்பட்ட மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஹைமனொப்டெரா கிளைக்கத் தொடங்கியது சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்தது. கையில் கிடைத்த மிகப் பழைய உயிர்ச்சுவடுகள் அதைவிட இளையவை. கிர்கிஸ்தானில் மாடிகென் என்ற இடத்துப் பாறைகளில் இருந்து, திரியாசிக் காலத்தவை, 23 கோடி ஆண்டுக்குக் கிட்ட. பழைய டைனோசர் எலும்புகளின் வயதும் ஏறத்தாழ அதுதான். ஆகவே தங்கச்சி சொன்னது, இந்த வரிசை முழுவதற்குமாக எடுத்தால், சரி. பூ என்ற ஒன்றே பூமியில் இல்லாத காலம் அது. மரம் என்றால் ஊசியிலை மரங்களும் சைகஸ் போன்றவையும்தான். அப்போது இலங்கை கொண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் ஒரு துண்டு. புத்தளம் பக்கம் தப்போவவில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் இலையச்சுகள் பாறையில் கிடைத்திருக்கின்றன. பூவில்லாத அந்தக் காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

உயிரோடு இருக்கிற ரம்ப ஈக்களில் மிகப் பழைய கிளை சையெலிடே. அதில் பல இனங்களின் புழுக்கள் இன்றைக்கும் பைன் மரத்தின் ஆண் கூம்புக்குள் இருந்து மகரந்தம் தின்கின்றன. அவற்றுக்குப் பின் இலை தின்னும் பெருங்கூட்டம். அதற்கும் பிறகு வந்த கிளைகள் வெளியே வெயிலில் இருந்து தின்னாமல் உள்ளே இறங்கிவிட்டன. சில புல்தண்டுக்குள், சில மரத்துக்குள். கொம்புவால், அதன் உறவான சைபிட்ரிடே எல்லாம் இந்த உட்புகுந்த கூட்டம்.

உள்ளே போனதும் உடம்பு மாறியது. இருட்டில், மரத்தால் சூழப்பட்ட குழாய்க்குள் வாழும் புழுவுக்குக் காலும் கண்ணும் எதற்கு? கொம்புவால் புழுவின் கால்கள் வெறும் மொட்டுகள். நிறம் வெள்ளை. வாலில் ஒரு முள். அதை ஊன்றி முன்னே தள்ளிக்கொள்ளும், பின்னால் மரத்தூளை இறுக்கி அடைத்துக்கொண்டு போகும். அப்படி அடைப்பதால்தான் பலகையை வாளால் அறுத்தாலும் சுரங்கம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. தாய்க்கோ எதிர் வேலை: தடித்த மரத்தைத் துளைத்துக் குறிபார்த்து உள்ளே முட்டையை இறக்கும் நீண்ட ஊசி வேண்டியிருந்தது.

இப்போது தொடர்ந்து பாருங்கள். அந்தப் பரம்பரையில் ஒரு கிளை, மரத்துக்குள்ளேயே இருந்துகொண்டு மரத்தை விட்டுவிட்டு, அங்கே இருக்கும் மற்றப் புழுக்களைத் தின்னத் தொடங்கியது. அந்தக் கிளையில் இன்றும் மிச்சமாக இருக்கிற ரம்ப ஈ குடும்பம் ஒன்றே ஒன்று: ஒருசிடே. தொண்ணூறு சொச்சம் இனங்கள். வெயில்படும் காய்ந்த மரத்தண்டில் எறும்புபோல ஓடித் திரியும் சின்னப் பூச்சி. இதன் வேலையைப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். உணர்கொம்பின் நுனியால் மரத்தைத் தட்டும். தட்டிய அதிர்வு உள்ளே போய்த் திரும்புவதை முன்னங்கால் வழியாகக் கேட்கும். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது மாதிரி, எங்கே வண்டுப் புழு குடைந்து வெற்றிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, சரியாக அங்கே ஊசியை இறக்கும். ஊசியோ உடம்பைவிட நீளம். பயன்படுத்தாத நேரத்தில் வயிற்றையும் தாண்டி மார்புக்குள் சுருட்டி வைத்திருக்கும்.

ஒருசிடேக்கு மிக நெருங்கிய உறவு, இடுப்பு ஒடுங்கிய மற்ற எல்லாமும்தான்: ஒட்டுண்ணிக் குளவிகள், கொட்டும் குளவிகள், தேனீக்கள், எறும்புகள். பெயரிடப்பட்டவை மட்டும் ஒரு இலட்சத்தைத் தாண்டும். இரண்டு தரப்புக்கும் பொதுவான மூதாதை ஒருவர், மரத்துக்குள் இருந்த புழுக்களைத் தின்றவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிற கதை. நான் இதை உயர்தர வகுப்பில் சொல்லிக்கொடுத்த காலத்தில் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: சாதுவாக மரம் தின்றது எப்படி சேர், திடீரென்று கொலைகாரன் ஆனது? திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. தேவையான எல்லாம் முன்பே கையில் இருந்தது. துளைக்க ஊசி இருந்தது. முட்டையோடு சேர்த்துத் திரவம் ஒன்றை உள்ளே செலுத்தும் பழக்கம் இருந்தது. காலில்லாமல், நகராமல், வைத்த இடத்திலேயே தின்று வளரும் புழு இருந்தது. மரம் சத்துக் குறைந்த சாப்பாடு. பக்கத்தில் கொழுத்த புழு ஒன்று கிடக்கிறது. முட்டை வைக்கும் இடம் ஒரு நூல் தள்ளிப்போனால் போதும். திருடன் ஆவதற்குப் புதிதாக ஆயுதம் வாங்க வேண்டியிருக்கவில்லை, தச்சன் சாமானே போதுமாக இருந்தது.

இடுப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஓடுகிற, நெளிகிற இரையைக் குத்த வேண்டுமென்றால் வயிற்றை எந்தப் பக்கமும் திருப்ப முடிய வேண்டும். சுருட்டு உடம்பால் அது ஏலாது. பின்னர் ஒரு கிளையில் முட்டை ஊசி வழியாக வருவதே நின்று, ஊசி நஞ்சு செலுத்த மட்டும் என்றாகிவிட்டது. அதுதான் அம்மா பயப்படுகிற கொடுக்கு. முட்டையிடும் உறுப்பில் இருந்து வந்ததால்தான் குளவியிலும் தேனீயிலும் பெண் மட்டும் கொட்டுகிறது, ஆண் கொட்டாது.

ஆக, தங்கச்சி சொன்னதில் பிழை எங்கே? 'தாய்' என்ற சொல்லில். கொம்புவாலில் இருந்து குளவி வரவில்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு பாட்டி இருந்தா. இருவரும் வெவ்வேறு வழியில் போனார்கள். உறவுமுறை சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் இது குளவிக்குப் பெரியம்மா. பழைய வீட்டிலேயே தங்கிவிட்ட பெரியம்மா. அவ பழைய வீட்டில் இருப்பதால் அவவுக்கு வயதே ஏறவில்லை என்று ஆகாது; குளவி எத்தனை கோடி வருடம் மாறிவந்ததோ, அத்தனை கோடி வருடம் கொம்புவாலும் மாறித்தான் வந்திருக்கிறது. 'வாழும் உயிர்ச்சுவடு' என்ற சொல்லை நான் அதனால் அவ்வளவாக விரும்புவதில்லை.

ஒரே ஒரு பூச்சிக்கு மட்டும் அந்தப் பட்டத்தைக் கொடுக்க மனம் வருகிறது. அனக்சியெலிடே என்று ஒரு குடும்பம். கசகஸ்தானின் கராட்டௌ ஜுராசிக் பாறைகளிலும், ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழைய மியன்மார் அம்பரிலும் (கல்லாகிப்போன மரப்பிசின்) இதன் பலவித உறவினர் கிடைக்கிறார்கள். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே இனம், வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில். அது முட்டை வைப்பது அப்போதுதான் காட்டுத்தீயில் கருகிய தேவதாரு வகை மரங்களில். சில வேளை புகை அடங்கும் முன்பே வந்துவிடும். தீயில் செத்த மரத்துக்கு எதிர்க்கும் பலம் இல்லை, போட்டிக்கு ஆளும் இல்லை. ஒரு குடும்பமே அழிந்து, கடைசி ஆள் சுடுகாட்டில் குடியிருந்து உயிர் பிழைத்த கதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணி ஆனதும் இந்த வரிசை உடனே பெருகித் தள்ளிவிட்டது என்றுதான் நானும் பல காலம் படிப்பித்து வந்தேன். 2023 இல் 700க்கும் அதிகமான இனங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு அதை மறுத்தது. ஒட்டுண்ணி வாழ்க்கை வந்த உடனே பெருக்கம் நடக்கவில்லை. அந்த ஒட்டுண்ணிகளில் சில மறுபடி தாவர உணவுக்குத் திரும்பியதுதான் பெருக்கத்தை உந்திய பெரிய காரணம் என்றது. பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போன தேனீக்கள், அத்திக்காய்க்குள் வாழும் குளவிகள் எல்லாம் அந்தத் திரும்பிவந்த கூட்டம். கொழும்பில் மூலைக்கு மூலை நிற்கும் அரசமரத்தின் சின்னக் காய்க்குள்ளும் அப்படி ஒரு குளவி உண்டு. அது இல்லாவிட்டால் அரசுக்கு விதையே இல்லை.

இனி உங்கள் பலகைக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். நான் ஊவாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். கவ்வாத்து வெட்டும்போது சில கிளைகள் கத்தி படுமுன்னே முறிந்து விழும். உள்ளே பார்த்தால் ஈர்க்குத் தடிப்பில் துளை, துளைச் சுவர் முழுக்கப் பங்கசு. ஷொட் ஹோல் போரர் என்று துரைமார் முதல் கொழுந்து பறிப்பவர்கள் வரை எல்லாரும் சொல்லும் அந்தச் சின்ன வண்டு, மரத்தைத் தின்பதில்லை. சுரங்கத்தில் பங்கசு பயிரிட்டு அதைத் தின்கிறது. கொம்புவாலும் இதே வித்தையைத் தனி வழியில் கற்றது. பெண்ணின் ஊசி தொடங்கும் இடத்தில் இரண்டு சின்னப் பைகள். அவற்றில் அமிலோஸ்டீரியம் என்ற பங்கசின் விதைப்பொருள். முட்டை வைக்கும்போது அதையும் மரத்துக்குள் விடும். பங்கசு மரத்தைக் காயவைத்துப் பதப்படுத்தும். புழு அந்தப் பதப்பட்ட மரத்தைக் கடித்துச் சாறு பிழிந்து வாழும். மகள் வளர்ந்து வெளியேறும்போது அதே பங்கசைத் தன் பைகளில் எடுத்துக்கொண்டு போவாள். தாய்வீட்டு உறைமோர்போல.

சைரெக்ஸ் நொக்டிலியோ என்ற இனம் இதோடு நிற்பதில்லை. பங்கசோடு மரத்துக்கு நஞ்சான ஒரு சளியையும் செலுத்துகிறது. அதன் நிதானத்தைக் கேளுங்கள். முதலில் ஒற்றைத் துளை போட்டு மரத்தின் நிலையைப் பார்க்கும். மரம் பலமாக இருந்தால் முட்டை வைக்காது; சளியையும் பங்கசையும் மட்டும் விட்டுவிட்டுப் போகும். மரம் தளர்ந்திருந்தால் அதே இடத்தில் இரண்டு மூன்று துளையாகப் பிரித்து முட்டை இறக்கும். ஐரோப்பாவில், தன் சொந்த ஊரில், இது பெரிய கேடு செய்வதில்லை. ஏற்கெனவே சாகக் கிடக்கும் பைன்களைத்தான் தேடும். ஆனால் மரச்சாமானோடு கப்பல் ஏறித் தென் அரைக்கோளப் பக்கம் போனதும் கதை மாறியது. 1900 வாக்கில் நியூசிலாந்து, 1952 இல் தஸ்மேனியா, 1980களில் உருகுவே, ஆர்ஜன்ரீனா, பிரேசில், 1994 இல் தென்னாபிரிக்கா. அங்கெல்லாம் ஒரே வகைப் பைனை நெருக்கமாக நட்டு வைத்திருந்தார்கள். தென்கிழக்கு அவுஸ்திரேலியாவில் 1987 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் செத்தன.

அதை அடக்கியது மருந்து இல்லை, ஒரு வட்டப்புழு. 1962 இல் நியூசிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்துக்குள் இருக்கும்போது அந்தப் பங்கசையே தின்று பெருகும். சைரெக்ஸ் புழு பக்கத்தில் வந்தால் வடிவம் மாறி அதன் உடம்புக்குள் நுழையும். பூச்சி சாகாது, பறக்கும், மரம் தேடிப்போய்த் துளைபோட்டு முட்டையும் வைக்கும். ஆனால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இருப்பது வட்டப்புழுக் குஞ்சுகள். தன் எதிரியைத் தானே சுமந்துபோய் அடுத்த மரத்தில் விதைக்கிறது. இதோடு தாயாதிச் சண்டையும் உண்டு. ரிசா என்ற நீண்ட ஊசிக் குளவி, மரத்துக்கு மேலே நின்றே உள்ளே இருக்கும் சைரெக்ஸ் புழுவைக் கண்டுபிடித்துத் துளைத்து முட்டை வைக்கும். இடுப்பு ஒடுங்கிய இளைய தலைமுறை, ஒரே பாட்டியிடம் இருந்து வந்த அதே ஊசியை வைத்துப் பெரியம்மா பிள்ளையைக் குத்துகிறது.

கடைசியாகப் பாஸின் கணக்கு. அவர் உளு என்று நினைப்பது, றப்பர் பலகைத் தளபாடத்தில் வந்து மா மாதிரித் தூள் கொட்டுகிற சின்ன வண்டு. அதன் ஓட்டை குண்டூசித் தலை அளவுதான், ஒன்று இரண்டு மில்லிமீற்றர். அது காய்ந்த பலகையிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். அந்தப் பயம் நியாயமானது. கொம்புவாலுக்கு அந்தக் குணம் இல்லை. அது முட்டை வைப்பது ஈரம் உள்ள பச்சை மரத்தில், அல்லது புதிதாக வெட்டிய தண்டில். இந்தக் குடும்பத்தில் சில மற்ற மரங்களுக்குப் போனாலும், சைரெக்ஸ் போவது ஊசியிலை மரங்களுக்குத்தான். உங்கள் வீட்டுப் பலாக் கதவும் தேக்கு நிலையும் முதிரைக் கட்டிலும் அதன் கண்ணில் மரமே இல்லை. காட்டில் வைத்த முட்டை, ஆலையில் அறுபட்டு, பலட் ஆகி, கடல் தாண்டி, வெள்ளவத்தையில் றாக்கையான பிறகு பூச்சியாகி வெளியே வந்திருக்கிறது. புழுக்காலம் ஒன்று முதல் மூன்று வருடம் வரை போகலாம். காய்ந்த மரத்தில் இன்னும் இழுக்கும். வெளியே வரும்போது வழியில் எது இருந்தாலும் கடிக்கும். ஐரோப்பாவில் கூரைக்கு அடித்த ஈயத் தகட்டையும் துளைத்திருக்கிறது. உங்கள் புத்தக அட்டை எம்மாத்திரம்.

யன்னல் ஓரத்தில், பாவிக்காத மூங்கிலில், பழைய வளைமரத்தில் விரல் நுழையும் ஓட்டை போட்டு ரீங்காரமிடும் பெரிய கறுப்பு வண்டு இருக்கிறதே, அதையும் இதோடு குழப்ப வேண்டாம். அது தச்சுத் தேனீ. மரத்தைத் தின்பதில்லை, கூடு கட்டத்தான் குடைகிறது. பெரியம்மா வீட்டை விட்டுப்போன பரம்பரையில் ஒருத்தி, கோடி வருடம் கழித்து மறுபடி மரத்துக்குள் குடிவந்திருக்கிறாள்.

ஆனால் வீட்டுக்குக் கேடு இல்லை என்பதால் நாட்டுக்கும் இல்லை என்று விட்டுவிட ஏலாது. மலைநாட்டில் கரிபியப் பைன் தோட்டங்கள் நிற்கின்றன. பலகையைத் திருப்பிப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்க வேண்டும். பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும், எச்.ரி. அல்லது எம்.பி. போன்ற குறியும். எச்.ரி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் வைத்தது. ஒழுங்காக வைத்திருந்தால் உள்ளே புழு உயிரோடு இருந்திருக்காது. எம்.பி. என்றால் மெதைல் புரோமைட் புகை போட்டது. அந்தப் பலகையை வீட்டுக்குள் வைக்காமல் இருப்பது நல்லது. முத்திரையே இல்லை என்றால் கேள்வி இன்னும் பெரிது. படம், முத்திரை, பூச்சி மூன்றையும் கட்டுநாயக்கவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தொற்றுக்காப்புப் பிரிவுக்குக் காட்டுங்கள். செத்த பூச்சியை எறியாமல், சின்னப் போத்தலில் சத்திரசிகிச்சை ஸ்பிரிற் ஊற்றிப் போட்டு வையுங்கள்.

றாக்கையை எரிக்க வேண்டாம், ஓட்டையை மெழுகால் அடைக்கவும் வேண்டாம். அடைத்தால் இரண்டாவது ஒன்று வருகிறதா என்று தெரியாமல் போய்விடும். பழைய நுளம்பு வலையால் முழு றாக்கையையும் சுற்றிக் கட்டிவிடுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் வலைக்குள் எதுவும் சிறகடித்தால், அம்மா செருப்பை எடுக்குமுன் அதையும் போத்தலுக்குள் போட்டுவிடுங்கள்.